சிறையில் இருப்பவரைக் கைது செய்வது எப்படி

ஏற்கெனவே சிறையில் இருக்கும் ஒருவரை எப்படிக் கைது செய்வது? கேட்பதற்குக் கடி ஜோக் மாதிரி இருக்கும். ஆனால் ஒருவர் மேல் இரண்டு மாநிலங்களில் வழக்கு இருந்து, ஒரு மாநிலத்தின் சிறையில் அவர் இருந்தால், இந்தக் கேள்விக்கான பதிலை வைத்துத்தான் அவர் எப்போது வீட்டுக்கு வருவார் என்பது முடிவாகும். 2018-இல் என் மாமாவுக்காக அந்தப் பதிலைத் தேடி இரண்டு மாதம் அலைந்தேன். அதுவரை நீதிமன்ற வளாகத்துக்குள் கால் வைத்தவன் இல்லை. பெங்களூருவில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து சம்பாதிப்பவன். கன்னடம் பேசுவேன் என்ற ஒரே தகுதியில் வீட்டில் இந்த வேலை என்னிடம் வந்து சேர்ந்தது.

மாமா என்றால் அம்மாவின் தம்பி. நாமக்கல் பக்கம். நேஷனல் பெர்மிட் லாரி டிரைவர், சொந்த வண்டி கிடையாது. விசாகப்பட்டினத்திலிருந்து கம்பி லோடு ஏற்றிக்கொண்டு போனவர், இறக்குமிடத்தில் எடை குறைகிறது என்று பார்ட்டி கொடுத்த புகாரில் ஆந்திராவில் கைதானார். சரக்கு ஏற்றிச் செல்பவர் செய்யும் நம்பிக்கை மோசடி, அன்றைய தண்டனைச் சட்டத்தில் 407. லோடு எங்கே குறைந்தது என்பது வேறு கதை. அந்த வழக்கு இன்னும் நடப்பதால் அதை இங்கே சொல்லப் போவதில்லை.

பத்தொன்பதாம் நாள் ஜாமீன் உத்தரவு வந்தது. அம்மா முருகன் படத்துக்கு முன்னால் கற்பூரம் ஏற்றினார். அன்று மாலையே ஆந்திர வக்கீல் போன் செய்தார். சித்தூர் பக்கத்துக்காரர், தமிழ் பேசுவார். நாங்கள் அவரை லாயர் காரு என்றே கூப்பிடுவோம். "சார், ஜெயில்ல இன்னொரு பேப்பர் இருக்குது. கர்நாடகாலேருந்து வந்திருக்குது" என்றார்.

அந்தப் பேப்பருக்கு ஒவ்வொரு ஊரிலும் ஒரு பெயர். தமிழ்நாட்டில் பி.டி. வாரண்ட். கர்நாடகத்தில் பாடி வாரண்ட். ஏதோ பிணத்தை அனுப்பச் சொல்வது போல இருக்கும், முதல்முறை கேட்டபோது எனக்கு வயிற்றைக் கலக்கியது. உத்தரப் பிரதேசத்தில் வாரண்ட் பி என்பார்கள். எல்லாம் ஒன்றுதான். குற்ற விசாரணை முறைச் சட்டத்தின் 267-ஆம் பிரிவு, 2024 ஜூலை 1 முதல் புதிய சட்டத்தில் 302.

கைது வாரண்டும் இதுவும் வேறு வேறு என்று புரிந்துகொள்ளவே எனக்கு ஒரு வாரம் ஆனது. கைது வாரண்ட் போலீஸுக்கு எழுதப்படுவது: இன்னாரைப் பிடித்துக் கொண்டு வா. அதற்கு மாநில எல்லை கிடையாது, இந்தியாவில் எங்கும் செல்லும். எழுதிய நீதிமன்றம் ரத்து செய்யும்வரை, அல்லது ஆள் பிடிபடும்வரை, அது உயிரோடிருக்கும். காலாவதி என்ற ஒன்று இல்லை. ஆனால் சிறைக்குள் இருப்பவரைப் போலீஸ் போய்ப் பிடித்து வர முடியாது. அவர் அங்கே இருப்பது ஒரு நீதிமன்றத்தின் காவலில். ஒரு நீதிமன்றத்தின் கையில் இருப்பவரை இன்னொரு நீதிமன்றத்தின் காகிதத்தைக் காட்டி இழுத்துப்போக முடியாது. அதனால் இரண்டாவது நீதிமன்றம் சிறைக் கண்காணிப்பாளருக்கு எழுதுகிறது: உன்னிடம் இருக்கும் இன்னாரை இந்தத் தேதியில் என் முன்னால் ஆஜர்படுத்து. இரண்டாம் வகுப்பு மாஜிஸ்திரேட் எழுதினால் தலைமை நீதித்துறை நடுவர் மேலொப்பம் போட வேண்டும். அவர் மறுக்கவும் செய்யலாம்.

கர்நாடக வழக்கு 2011-இல் நடந்த விபத்து. பெங்களூரு–புனே நெடுஞ்சாலையில், விடியற்காலையில், மாமா ஓட்டிய லாரி ஒரு பைக்கில் மோதி, அதில் வந்தவர் இறந்துபோனார். கவனக்குறைவால் மரணம், 304-ஏ. ஜாமீனில் விடத்தக்க குற்றம் என்பதால் ஸ்டேஷனிலேயே ஜாமீன் கொடுத்துவிட்டார்கள். லாரி ஓனர் "கேஸை நான் பாத்துக்கறேன், நீ வண்டிய எடு" என்றிருக்கிறார். லாரித் தொழிலில் இது தினமும் சொல்லப்படும் வாக்கியம். ஓனர் இரண்டு வருடம் வக்கீலுக்குப் பணம் அனுப்பினார். பிறகு வண்டியை விற்றுவிட்டார். வாய்தாவுக்கு யாரும் போகவில்லை. நீதிமன்றம் பிடிவாரண்ட் பிறப்பித்தது. மாமா அதே நெடுஞ்சாலையில் அதற்குப் பிறகு எத்தனையோ தடவை போய் வந்திருக்கிறார், வாரண்ட் அவரைப் பிடிக்கவில்லை. ஆந்திராவில் ரிமாண்ட் ஆனதும்தான் பிடித்தது. ஸ்டேஷன்களை இணைக்கும் சி.சி.டி.என்.எஸ். மூலம் பெயர் தெரிந்ததா, இரண்டு ஏட்டுகள் வாட்ஸாப்பில் பேசிக்கொண்டதாலா என்று எங்களுக்கு யாரும் சொல்லவில்லை.

இங்கே ஒரு வேடிக்கை இருக்கிறது. மாமா வெளியே இருந்து, கர்நாடக வாரண்டின் பேரில் ஆந்திராவில் பிடிபட்டிருந்தால் என்ன நடந்திருக்கும்? அவரை அருகிலுள்ள மாஜிஸ்திரேட்டிடம் கொண்டுபோயிருப்பார்கள். பிரிவு 81. குற்றம் ஜாமீனில் விடத்தக்கது என்றால், ஆள் ஜாமீன் கொடுக்கத் தயாராக இருந்தால், அந்த உள்ளூர் மாஜிஸ்திரேட்டே ஜாமீனை வாங்கிக்கொண்டு, பத்திரத்தை வாரண்ட் எழுதிய நீதிமன்றத்துக்கு அனுப்பிவைக்க வேண்டும். அன்று மாலையே வீட்டுக்கு வந்திருப்பார். சுதந்திரமாகத் திரிபவருக்குச் சட்டம் வைத்திருக்கும் இந்தக் குறுக்கு வழி, ஏற்கெனவே சிறையில் இருப்பவருக்குக் கிடையாது. அவரைப் பிடித்தால்தானே அந்தப் பிரிவு வேலை செய்யும், அவரைத்தான் பிடிக்க முடியாதே.

ஆக, பிடிவாரண்டை ரத்து செய்யக் கர்நாடக நீதிமன்றத்துக்குப் போனேன். தாலுகா கோர்ட். மாடியில் ஹால், கீழே ஜெராக்ஸ் கடை. நாங்கள் பிடித்த உள்ளூர் வக்கீல் எழுந்து மனு கொடுத்தார். ஆள் எங்கே என்று கேட்டார் நீதிபதி. ஆந்திரா சிறையில் என்றோம். ஆள் வராமல் வாரண்டை எப்படி ரத்து செய்வது, கொண்டு வாருங்கள் என்றார். கொண்டு வருவது எங்கள் கையில் இல்லை, சிறையின் கையில். சிறையைக் கேட்டால், எஸ்கார்ட் இல்லை. கைதியை அழைத்துப்போக ஆயுதப்படைக் காவலர்கள் வேண்டும், அவர்கள் பாதுகாப்பு வேலைக்குப் போயிருக்கிறார்கள். இன்னொரு காரணமும் சொன்னார்கள். ஒருவர் வேறு வழக்கில் ரிமாண்டில் இருந்தால், அனுப்பாமல் நிறுத்திவைத்து, நீதிமன்றத்துக்குக் காரணம் எழுதி அனுப்பச் சட்டமே சொல்கிறது. பிரிவு 269.

என் வேலையில் இதற்கு டெட்லாக் என்று பெயர். இரண்டு புரோகிராம்கள் ஒன்று வைத்திருப்பதற்காக மற்றொன்று காத்திருக்கும், இரண்டும் நகராது. வேலையிடத்தில் இப்படி ஆனால் ஏதாவது ஒன்றைக் கொன்றுவிட்டு மீண்டும் தொடங்குவோம்.

அத்தையிடம் இதைச் சொல்லிப் புரியவைப்பதுதான் எல்லாவற்றையும்விடக் கஷ்டமாக இருந்தது.

"ஏங்கண்ணு, ஜாமீன் கெடச்சிருச்சுன்னு நீதான சொன்ன?"

"கெடச்சிருச்சு அத்தை. ஆனா அது இந்தக் கேஸுக்கு."

"ஆளு ஒருத்தர்தான? ஒருத்தருக்கு எத்தன ஜாமீனு?"

வழக்குக்கு ஒன்று என்பதுதான் பதில். அதைவிட மோசமானது ஒன்றை லாயர் காரு சொன்னார். ஆந்திர வழக்கில் ஜாமீன்தாரர்களைக் கொடுத்து உத்தரவைச் செயல்படுத்த வேண்டாம், அப்படியே வைத்திருங்கள் என்றார். எனக்குக் கோபம்தான் வந்தது. ஜாமீன் கையில் இருக்கிறது, அதைப் பயன்படுத்தாதே என்றால்? அவர் பொறுமையாக விளக்கினார். ஜாமீன் கொடுத்துவிட்டால் அந்த வழக்கில் காவல் முடிந்துவிடும். ஆனால் சிறையின் பதிவேட்டில் பாடி வாரண்ட் ஏறியிருப்பதால் கதவைத் திறக்க மாட்டார்கள். அப்போது அவர் எந்த வழக்குக்காக உள்ளே இருக்கிறார்? ஆந்திர வழக்கில் விடுதலை. கர்நாடக வழக்கில் இன்னும் எந்த மாஜிஸ்திரேட்டும் ரிமாண்ட் செய்யவில்லை. எதற்கும் சேராமல் உள்ளே கிடப்பார்.

சேர்வது ஏன் முக்கியம் என்றால், பின்னால் தண்டனை வந்தால், விசாரணைக் காலத்தில் சிறையில் இருந்த நாட்களைக் கழித்துக்கொள்ளலாம். பிரிவு 428. அதே வழக்குக்காக இருந்த நாட்களை மட்டும். இரண்டு வழக்கிலும் ஒரே நேரத்தில் காவலில் இருந்தால் இரண்டிலும் கழித்துக்கொள்ளலாம் என்று 2001-இல் நஜாகத் அலி முபாரக் அலி வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. ஆனால் அதற்கு இரண்டாவது வழக்கில் முறைப்படி கைது காட்டி ரிமாண்ட் செய்திருக்க வேண்டும். அதனால்தான் விவரம் தெரிந்த வக்கீல்கள், எங்கள் ஆளை உங்கள் வழக்கிலும் கைது காட்டுங்கள் என்று தாங்களே மனு போடுவார்கள். வெளியாட்களுக்குப் பைத்தியக்காரத்தனமாகத் தெரியும். உள்ளே கணக்கு சரியாகத்தான் இருக்கிறது.

அனுப்பு என்று ஒரு நீதிமன்றம் சொன்ன காகிதத்தை, வைத்திரு என்ற உத்தரவாகச் சிறை படித்துக்கொள்கிறது. என்னைக் கேட்டால் இந்த முழு ஏற்பாட்டின் ஓட்டை அங்கேதான் இருக்கிறது. ஆஜர்படுத்தச் சொல்லும் உத்தரவு, காவலில் வைக்கச் சொல்லும் உத்தரவு ஆகாது. ஆனால் ஒரு சிறை அதிகாரியின் இடத்திலிருந்து பாருங்கள். விட்டுவிட்டு, நாளை அந்த நீதிமன்றம் ஆள் எங்கே என்று கேட்டால் அவர் வேலை போகும். விடாமல் வைத்திருந்ததற்காக வேலை போனவர் யாரும் என் காதுக்கு எட்டவில்லை.

பெரிய ஆட்களுக்கும் இதே கதவுதான் என்று பின்னால் தெரிந்தது. நகைச்சுவைக் கலைஞர் முனவர் ஃபரூக்கி 2021 ஜனவரி 1 அன்று இந்தூரில் கைதானார். பிப்ரவரி 5-இல் உச்ச நீதிமன்றம் இடைக்கால ஜாமீன் கொடுத்தது, பிரயாக்ராஜ் வழக்கின் வாரண்டையும் நிறுத்திவைத்தது. ஆனாலும் பிரயாக்ராஜிலிருந்து உத்தரவு வரவில்லை என்று சிறை அவரை உடனே விடவில்லை. மறுநாள் நள்ளிரவை ஒட்டித்தான் வெளியே வந்தார். 2022-இல் டெல்லியில் கைதான பத்திரிகையாளர் முகமது ஜுபைருக்கு உத்தரப் பிரதேசத்தின் சீதாபூர், லக்கிம்பூர் கேரி, ஹாத்ரஸ் என்று வரிசையாக வழக்குகள் வந்தன. ஒன்றில் ஜாமீன் வாங்கினால் அடுத்ததில் காவல் என்று சுழல்வதை நீதிபதிகளே கண்டித்தார்கள். ஜூலை 20 அன்று எல்லா வழக்குகளிலும் ஜாமீன் கொடுத்து, அவற்றை டெல்லிக்கு மாற்றினார்கள்.

தலைகீழாகவும் நடக்கும். முக்தார் அன்சாரி என்ற உத்தரப் பிரதேச அரசியல்வாதி, பல வழக்குகள் உள்ளவர், 2019 ஜனவரியில் இதே மாதிரி ஒரு வாரண்டில் பாந்தா சிறையிலிருந்து பஞ்சாபுக்குப் போனார். போனவர் இரண்டு வருடம் திரும்பவில்லை. உத்தரப் பிரதேச நீதிமன்றங்கள் வாரண்டுக்கு மேல் வாரண்ட் அனுப்பின; உடல்நிலை சரியில்லை என்று பஞ்சாப் சிறை பதில் எழுதியது. கடைசியில் ஒரு மாநிலம் இன்னொரு மாநிலத்தின்மேல் உச்ச நீதிமன்றத்துக்குப் போய், 2021 மார்ச் 26 அன்று உத்தரவு வாங்க வேண்டியிருந்தது. என் மாமாவைத் தடுத்த அதே பிரிவுகள் அவருக்குக் கோட்டையாக இருந்தன. இதைப் படித்தபோது எனக்கு வந்தது பொறாமையா என்று இன்றும் யோசிப்பதுண்டு.

2024 செப்டம்பரில் தன்ராஜ் அஸ்வானி வழக்கில் உச்ச நீதிமன்றம், ஒரு வழக்கில் சிறையில் இருப்பவர் இன்னொரு வழக்குக்கு முன்ஜாமீன் கேட்கலாம் என்று சொல்லிவிட்டது. ஏற்கெனவே உள்ளே இருப்பவருக்குக் கைது பயம் எப்படி வரும் என்று அதற்கு முன்னால் சில உயர் நீதிமன்றங்கள் கேட்டுக்கொண்டிருந்தன. எப்படி வரும் என்று எங்கள் அத்தையைக் கேட்டிருக்கலாம்.

மூன்றாவது வாய்தாவின்போது கோர்ட் வராந்தாவில் ஒருவர் என்னைக் கேட்டார், நீங்கள் டிரைவருடைய ஆளா என்று. இறந்துபோனவரின் அண்ணன். சோளம் போடும் விவசாயி. ஏழு வருடங்களாக அந்த வழக்கில் எதுவும் நடக்கவில்லை. இப்போது திடீரென்று நகர்கிறது என்று யாரோ சொல்லி வந்திருந்தார். இன்சூரன்ஸ் பணம் வேறு நீதிமன்றத்தில் வந்துவிட்டது, அது தம்பி மனைவிக்குப் போயிற்று என்றார். அப்புறம் எதற்கு வருகிறீர்கள் என்று நான் கேட்கவில்லை. அவரே சொன்னார், அந்த டிரைவர் முகத்தை ஒரு தடவை பார்க்க வேண்டும் என்று. திட்டுவதற்கா என்று எனக்குத் தெரியவில்லை. இருவரும் அதே கடையில் டீ குடித்தோம். அவர்தான் காசு கொடுத்தார். அதுவரை எங்கள் வீட்டில் அந்த வாரண்ட் ஒரு அநியாயம், அவ்வளவுதான். அவர் வீட்டில் அது மட்டும்தான் வழக்கு உயிரோடிருக்கிறது என்பதற்கு மிச்சமிருந்த ஒரே அடையாளம்.

ஆள் வராவிட்டால் வீடியோவிலாவது பார்க்கலாமே என்று ஒரு மனு போட்டோம். ஆந்திர மாஜிஸ்திரேட் பதினைந்து நாளுக்கு ஒருமுறை மாமாவின் ரிமாண்டை வீடியோவில்தான் நீட்டித்துக்கொண்டிருந்தார். உள்ளே வைக்க வீடியோ போதும் என்றால் வெளியே விடவும் போதுமே என்று நினைத்தேன். தாலுகா கோர்ட்டில் அந்த வசதி இன்னும் வரவில்லை என்றார்கள். 2021-இல், ஜாமீன் உத்தரவு போய்ச் சேராமல் ஆக்ரா சிறையில் சிலர் காத்துக்கிடந்த செய்தியைப் பார்த்துத் தலைமை நீதிபதி ரமணா, இந்த டிஜிட்டல் காலத்திலும் புறா தூது வருமென்று வானத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறோம் என்று நொந்துகொண்டார். அதன்பின் 2022 மார்ச்சில் ஃபாஸ்டர் என்ற மென்பொருள் வந்தது. உத்தரவைச் சிறைக்கு நொடியில் கொண்டுபோய்ச் சேர்க்கும். நல்ல விஷயம். ஆயுதப்படைக் காவலர் இருவரைக் கொண்டுபோய்ச் சேர்க்க எந்த மென்பொருளும் இல்லை.

ஐம்பத்தெட்டாம் நாள் காலை லாயர் காரு போன் செய்தார், எஸ்கார்ட் கிடைத்துவிட்டது, ராத்திரி ரயில் என்று.

நான் ஜாமீன்தாரர் தேட ஓடினேன். இது தனி வதை. கர்நாடகத்தில் சொத்துள்ளவர்தான் வேண்டும் என்றார்கள். 1978-இல் மோதி ராம் என்ற கொத்தனாரின் வழக்கில், அண்ணன் தம்பியின் சொத்து வேறு மாவட்டத்தில் இருக்கிறது என்று ஜாமீன்தாரரை மறுத்த மாஜிஸ்திரேட்டை நீதிபதி கிருஷ்ணய்யர் காய்ச்சி எடுத்திருக்கிறார். தமிழரோ தெலுங்கரோ பஸ்தாரில் பிடிபட்டால் அங்கே நிலம் வைத்திருப்பவருக்கு எங்கே போவார் என்று கேட்டிருக்கிறார். நாற்பது வருடம் கழித்தும் எங்கள் வக்கீல், "அதெல்லாம் சரி சார், லோக்கல் ஆள் இருந்தா இன்னிக்கே முடியும்" என்றார். என்னோடு வேலை பார்க்கும் ஹாசன்காரர் ஒருவர் லீவு போட்டுவிட்டு, அப்பாவையும் நிலத்தின் பஹணியையும் கூட்டிக்கொண்டு வந்தார். என் மாமாவை அவர் அதற்கு முன் பார்த்தது கிடையாது.

மாமா மெலிந்திருந்தார். காவலர்கள் விலங்கு போடவில்லை. ஒருவர் அவர் விரல்களோடு விரல் கோத்துக்கொண்டு நடந்து வந்தார், தூரத்திலிருந்து பார்த்தால் சிநேகிதர்கள். ஹாலில் எல்லாம் இருபது நிமிடத்தில் முடிந்தது. ஆயிரம் ரூபாய் அபராதம், பிடிவாரண்ட் ரத்து, ஜாமீன். இறந்தவரின் அண்ணன் பின் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். வெளியே வரும்போது மாமா அவரை அடையாளம் கண்டாரா என்று தெரியாது. கையெடுத்துக் கும்பிட்டார். அவர் பதிலுக்குக் கும்பிடவில்லை, முகத்தையும் திருப்பிக்கொள்ளவில்லை. கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுப் படியிறங்கிப் போனார்.

இரண்டு வழக்கிலும் ஜாமீன். ஆனால் மாமா வீட்டுக்கு வர முடியாது. ஆஜர்படுத்திய வேலை முடிந்ததும் திரும்ப அதே சிறைக்குக் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும், அங்கே ஜாமீன் பத்திரம் கொடுத்து, அங்கிருந்து விடுதலையாக வேண்டும். பெங்களூரு ரயில் நிலையம் வரை நான் கூட வந்தேன். நாலு பேருக்கும் தயிர்சாதம் வாங்கினேன். காவலர்கள் நல்ல பையன்கள், என்னைவிட வயதில் சின்னவர்கள். சேலம் வழியாகப் போகும் வண்டி ஒன்றை ஒலிபெருக்கியில் அறிவித்தார்கள். மாமா சாப்பிடுவதை நிறுத்தி அதைக் கேட்டார்.

"நாலு மணி நேரம்தான் மாப்ள" என்றார். பிறகு பொட்டலத்தை மடித்துவிட்டு, கை கழுவ ஒரு காவலரிடம் அனுமதி கேட்டார்.

அறுபத்து நாலாம் நாள் வெளியே வந்தார். சிறையில் கொடுத்த சான்றிதழை நான்தான் ஸ்கேன் செய்து வைத்திருக்கிறேன். ஆந்திர வழக்கில் காவல் நாட்கள் 64. கர்நாடக வழக்குக்கு எழுதிக் கேட்டதில், ஆஜரான ஒரு நாள். லாயர் காரு சொன்னபடிதான். இரண்டு வழக்கின் அடுத்த வாய்தா தேதிகளையும் மாமா தன் டயரியில் எழுதச் சொன்னார், அவருக்கு அந்த ஊர்ப் பெயர்கள் எழுத வராது. எழுதும்போதுதான் பார்த்தேன். இரண்டும் செப்டம்பர் 17-இல் விழுந்திருந்தன.